முப்பது பேருக்கும் சுவரில் இடம்

டைல்ஸ் ஒட்டுவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். யாரும் மறுப்பதில்லை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கு நேரமிருக்கிறது? எந்தச் சுவரைக் கண்டாலும் ரசமட்டத்தை வைத்து, கோணலா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே வணக்கம் சொல்வார். அதனால் ரசமட்டம் என்பதே பெயராகிவிட்டது.

பள்ளிக்கூடத்து ஆய்வகச் சுவரில் தனிம அட்டவணை பதிக்க அவரைக் கூப்பிட்டார்கள். தனிமத்துக்கு ஒரு டைல்ஸ், எண்ணும் எழுத்தும் அச்சடித்து வந்திருந்தது. கூடவே ஒரு வரைபடம். மேல் வரிசையில் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் வெறும் பொட்டல். கீழே இரண்டு வரிசை தனியாக அந்தரத்தில். வரைந்தவர் பாதியில் எழுந்து போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார் ரசமட்டம். ஒன்று முதல் நூற்றுப் பதினெட்டு வரை, வரிசைக்கு இருபதாக நெருக்கிப் பதித்தார். கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சியது. யார் வீட்டுக் குளியலறையிலோ மீந்த ரோஜாப்பூ டைல்ஸ் இரண்டை அங்கே ஒட்டினார். கனகச்சிதம்.

சாயங்காலம் வந்த வேதியியல் டீச்சர், ரோஜாப்பூவைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, திட்டவில்லை.

"நம்பர் பக்கவாட்டுல ஏறும்ணே. குணம் மேலிருந்து கீழ ஒத்துப்போகும். பழைய குணம் மறுபடி வந்துச்சுன்னா அதுக்குக் கீழதான் நிக்கணும். அதான் நடுவுல காலி."

முதல் நெடுவரிசையில் சோடியம், பொட்டாசியம் எல்லாம் தண்ணீர் பட்டாலே குதிக்கும் ஜாதி என்றார். கடைசி நெடுவரிசை யாரோடும் சேராத கூட்டமாம். ரசமட்டத்துக்குத் தன் மச்சான் நினைவுக்கு வந்தான். எந்தக் கல்யாணத்துக்கும் வருவான், யாரிடமும் பேசமாட்டான். சட்டென்று புரிந்துவிட்டது. சிமெண்ட் இறுகுவதற்குள் எல்லாவற்றையும் கழற்றி வாளியில் கழுவிப்போட்டார்.

மறுநாள் வரைபடத்தின் அடியில் தனியாக நின்ற இரண்டு வரிசைமேல் விரலை வைத்தார். "இந்த முப்பது பேரு என்ன தப்பு பண்ணாங்க, வெளிய நிக்க?"

"ஒண்ணும் இல்ல. உள்ளதான் இருக்கணும். புத்தகத்துல அகலம் பத்தல, இறக்கிவிட்டுட்டாங்க."

"இங்கதான் சுவரு இருபது அடி கிடக்கே."

டீச்சர் சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பக்கவாட்டில் முப்பத்திரண்டு கட்டம். அரையடி டைல்ஸ். பதினாறு அடி. இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தியும் தனக்கு இது தோன்றவில்லையே என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "உள்ளயே வைங்கண்ணே," என்றார் கடைசியில்.

பதித்து முடித்ததும் தலைமையாசிரியர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். படத்தில் இருப்பது போல் இல்லையே என்று குதித்தார். அவரை எந்த நெடுவரிசையில் வைப்பது என்று ரசமட்டம் ஒரு கணம் யோசித்தார். டீச்சர் அசரவில்லை, புத்தகம்தான் ஒடுங்கலாக இருக்கிறது, சுவர் சரியாக இருக்கிறது என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

முப்பது பேரை வீட்டுக்குள் சேர்த்த கதையை ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் பெருமையாக அளந்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம் சமையலறைச் சுவரில் எப்போது டைல்ஸ் ஏறும் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஏறியது.