நகரக் கொடியில் நாலு மூலை

மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இன்றைக்கு இந்தத் தமிழ்க் கடையில் நடந்ததை ஒரு தாளில் எழுதி, கடையின் அறிவித்தல் பலகையிலேயே குத்திவிடுகிறேன்.

நான் கனடாவில் மொன்றியல் நகரத்துக்கு வந்த முதல் மாதம், ஒரு கட்டடத்தின் மேல் வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவையைக் கண்டேன். செஞ்சிலுவைச் சங்கம் என்று நம்பி உள்ளே போய்க் குளிருக்குக் கோட் கேட்டேன். அது நகரசபையாம், அது நகரத்தின் கொடியாம்.

ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த எனக்கு அன்றிலிருந்து பெயர் 'செஞ்சிலுவை மாஸ்டர்'.

இன்று நமது தமிழ்ச் சங்கத் தலைவர், புதிதாக வந்த ஒரு பெடியனுக்கு என்னைக் காட்டி அந்தக் கதையை அவிழ்த்துவிட்டார்.

"நாலு மூலையிலயும் பூ இருக்கு, தம்பி. பிரெஞ்சுக்காரருக்கு லில்லி, இங்கிலீசுக்காரருக்கு ரோசா, ஸ்கொட்லாந்துக்கு முள்ளுப்பூ, ஐரிஷ்காரருக்கு மூண்டு இலை. படிச்ச மாஸ்டருக்கு ஒண்டும் தெரியேல்லை!"

"அண்டைக்குக் காத்தில்லை. கொடியின்ரை மூலையெல்லாம் சுருண்டு கிடந்தது," என்றேன். யார் கேட்டார்கள்?

கல்லாவில் இருந்த கடைக்கார அக்கா கேட்டார்.

"தலைவர் அண்ணை, நீங்களும் அங்க போய்க் கம்பளி கேட்டனீங்களெல்லோ? குளிர்காத்து ஆளையே தூக்கிச்சுது எண்டும் சொன்னனீங்கள். அப்பக் கொடி நல்லா விரிஞ்செல்லோ பறந்திருக்கும்?"

தலைவர் பருப்புப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெடியன் மெதுவாகக் கேட்டான். "அப்ப நான் நாளைக்குக் கோட் கேக்க அங்க போகத் தேவையில்லையோ?"

கடையே சிரித்தது. வேறு வழியில்லாமல் தலைவரும் சிரித்தார்.

இதன் கீழ் நான் பெயர் போடப்போவதில்லை. அந்தக் கட்டடத்தில் கோட் கேட்ட மற்றவர்களும் இந்தத் தாளிலேயே எழுதலாம். நீங்களும் பெயர் போட வேண்டாம்.