ஜெயபாலன் வண்டியில் நாலு ஸ்பீக்கர்

ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஜெயபாலனைத் தெரியாதவர்கள் உண்டு; அவன் வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை. முதலில் சத்தம் வரும். அதற்குப் பின்னால்தான் ஒரு பழைய நீல டட்சன் கார் சந்து திரும்பும். சத்தம் கேட்டதும் சோறு போட எழுந்துகொள்வாள் அவன் மனைவி ராக்காயி. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த ஸ்பீக்கர்களால் அவளுக்கு வாய்த்த ஒரே உபயோகம் அதுதான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயின் வாய்க்கு நேர் கீழே பாய் போட்டுத் தூங்கிய பிள்ளை என்று அவன் அம்மாவே பெருமையாகச் சொல்வாள். மூளை அப்போதே கலங்கியிருக்க வேண்டும் என்பது ராக்காயியின் கணிப்பு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மற்றவர்கள் குடியிருக்க வீடு தேடி அலைந்தார்கள். இவன் ஈப்போவுக்கு வந்து மணல் லாரி ஓட்டி, முதல் காரியமாகக் கார் ரேடியோ ஒன்றை வாங்கினான். அதை மாட்டுவதற்காக அடுத்த வருடம் காரை வாங்கினான்.

முன்கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர், பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் முட்டை வடிவத்தில் பெரியதாக இரண்டு, வண்டியின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டை அடைத்துக்கொண்டு ஆம்ப்ளிபையரும் ஒரு மரப்பெட்டியும். அரிசி மூட்டைக்குக்கூட அந்த வண்டியில் இடமில்லை. அகப்பட்டவனையெல்லாம் பிடித்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைப்பான்.

"கண்ண மூடிக்க மச்சான். சத்தம் நம்மளச் சுத்தி நிக்கணும்லா. வலது ஸ்பீக்கரு முட்டிக்குப் பக்கத்துல இருக்கு, அதக் கொறச்சிருக்கேன். இடது தூரம், அதக் கூட்டியிருக்கேன். பின்னாடி ரொம்பக் கூட்டுனா பாடுறவன் பிடரியில ஏறி உக்காந்துருவான். இப்பக் கேளு, நேரா முன்னால நின்னு பாடுறான் பாரு!"

எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சுகமெல்லாம் அந்த ஒரே இருக்கைக்குத்தான். பக்கத்தில் உட்காரும் ராக்காயிக்குக் கூட்டி வைத்த இடது ஸ்பீக்கர் கணுக்காலில் உதைக்கும். பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தலைவலி. நாலு பேர் போகிற வண்டியில் தன் இரண்டு காதுக்கு மட்டும் கச்சேரி வைத்துக்கொண்ட மனிதனை என்னவென்று சொல்வது? அவனோடு பேச வாயைத் திறப்பதே வீண் என்று அவள் முடிவு செய்து வெகுநாளாயிற்று.

அவளுக்கு வேறு வேலை இருந்தது. பூக்கட்டுவாள். கோயில் வாசலில் சரம் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு எண்பத்து மூன்றாம் வருடம் ஒரு பெரிய இடம் அமைந்தது. தைப்பிங்கில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பூபாலசிங்கத்தின் வீட்டுக் கல்யாணம். அவர் மனைவி புஷ்பராணி பொண்ணு மாப்பிள்ளைக்கு ரோஜா மாலை கேட்டிருந்தார். அது அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் தைப்பிங் சிலோன்காரர் வீட்டுக் கல்யாணமெல்லாம் தன் கைக்கு வரும் என்று ராக்காயிக்குத் தெரியும். சொதப்பினால் திரும்பவும் கோயில் வாசல்தான்.

கல்யாணத்தன்று காலையில் வாசலில் நின்று ஜெயபாலன் அடித்த ஹாரனில் அவள் நூல்கண்டை வீட்டிலேயே விட்டுவிட்டாள். பூட்டில் இடமில்லை. கல்யாண மாலையைக் கால் படும் இடத்தில் வைக்கக் கூடாது. நாலு பேர் உட்கார்ந்து எழுந்த சீட்டிலும் வைக்கக் கூடாது. வண்டியிலேயே உயரமான இடம் பின்கண்ணாடிப் பலகைதான். வாழையிலை விரித்து, இரண்டு மாலையையும் சாமி போல அதன்மேல் ஏற்றினாள். அடியில் ஸ்பீக்கர் இருப்பதை அவள் மறக்கவில்லை. மாலைக்காக வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கு ரேடியோவத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

"தொட மாட்டேன்லா, தூங்கு."

உதிரி ரோஜாக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தவள், விடியுமுன் எழுந்து பூக்கட்டிய அலுப்பில் கோலகங்சார் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

தைப்பிங்கில் மழை. மண்டபத்துக்குப் பின்னால் கூரைக்கடியில் வண்டியை நிறுத்திவிட்டு அவளை எழுப்பினான். அவள் திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டு முழுக்கச் சிவப்பு. பலகையில் பாதி காம்பும் நூலுமாக இரண்டு மாலைகள் கிடந்தன. ஸ்பீக்கர் இன்னும் மெதுவாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஓரிதழ் நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்து விழுந்தது.

"நீ தூங்குறியேன்னு முன்னாடி சுத்தமா அணைச்சிட்டேன்லா. பின்னாடி மட்டும்தான் வச்சேன்" என்றான், ஏதோ உபகாரம் செய்தவன் போல. இதழ்களைப் பார்த்த பிறகு, "பூ சரியில்ல போல" என்றும் சொன்னான். சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனான்.

அவளுக்கு அழுவதற்கு நேரமில்லை. மடியில் உதிரி ரோஜா இருந்தது. கட்ட நூல் இல்லை. வண்டியின் பின்னால் போய்ப் பூட்டைத் திறந்தாள். அவன் வாரா வாரம் துணியால் துடைக்கும் பின் ஸ்பீக்கர் ஒயர்கள் இரண்டும் அழகாகக் கட்டித் தொங்கின. இரண்டையும் பிடித்து இழுத்தாள். பூவெட்டும் கத்தியால் மேல்தோலை உரித்தாள். உள்ளே மயிரிழை போலச் செம்புக் கம்பிகள். வாழைநாரைவிட வாகாக வளைந்தன. மொட்டையான பூக்களைப் பிடுங்கிப்போட்டு, புது ரோஜாக்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி உள்ளே சொருகினாள். நாதஸ்வரம் தொடங்கியபோது கடைசிக் கொத்தை முறுக்கி முடித்தாள்.

புஷ்பராணி இரண்டு மாலையையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நல்ல வடிவாக் கட்டியிருக்கிறீர் பிள்ளை. உதிராமல் இறுக்கமா நிக்குது. என்ர தங்கச்சி மகளின்ர கல்யாணத்துக்கும் நீர்தான் கட்ட வேணும்."

தாலி கட்டி முடிந்து மழை விட்டதும், ஜெயபாலன் தன் வழக்கப்படி ஆள் சேர்த்துக்கொண்டு வந்தான். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆறேழு பேர், சட்டையும் டையுமாக. கதவையெல்லாம் திறந்து வைத்து, ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கேசட்டைச் சொருகினான். முன்னால் மட்டும் தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. பின்னால் ஒன்றுமில்லை. திருகினான். இன்னும் திருகினான். உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்லா!" என்று தலையைப் பூட்டுக்குள் விட்டுக் கத்திக்கொண்டிருந்தவன் பின்னால் வந்து நின்றாள் ராக்காயி. பல வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு அவனோடு பேசத் தோன்றியது.

"உங்க பாட்டு மாப்பிள்ளை கழுத்துல தொங்குது. போயி அங்க காத வச்சுக் கேளுங்க."