முன் அடுப்பிலிருந்து வந்த தீ

எங்கள் அறிவியல் கூடத்துக்கு வந்துகொண்டிருந்த நிதியுதவி இந்த ஆண்டோடு நின்றுவிடும் என்று மின்னஞ்சல் வந்தது போன ஐப்பசியில். செய்தி இரண்டு வரி, வருத்தம் ஒரு வரி. படித்துவிட்டுக் கணினியை மூடினேன். எழுந்து போய்ச் சோறு வடித்தேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் அந்த மூன்று வரியிலேயே நின்றுவிட்டது.

ஆற்றுக்கால் அம்மையை நம்புகிறவர்களே, என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் நாஞ்சில்நாடு, பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நடந்த இலவச அறிவியல் கூடத்தில் டீச்சராக இருந்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை எங்கள் வேன் போய்க் கூட்டி வரும். அவர்கள் காந்தத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், பூவைப் பிரித்துப் பார்ப்பார்கள், தாங்களே கம்பி கோத்துப் பல்பை எரிய வைப்பார்கள். எரிந்ததும் ஒரு கூச்சல் போடுவார்கள் பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே நான் வேறு வேலை தேடவில்லை.

உதவி கேட்டு ஏறாத படியில்லை. தட்டினால் திறக்கும் என்பார்கள். திறக்கத்தான் செய்தது. நாற்காலி போட்டார்கள், சாயா கொடுத்தார்கள், "நோக்காம் டீச்சரே" என்றார்கள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியவர்கள் யாரும் பிறகு பார்க்கவில்லை.

மார்கழியில் வேன் நின்றது. எங்கள் முறை எப்போது வரும் என்று பள்ளிகளிலிருந்து போன் வரும். போனை எடுக்காமல் அடிக்க விட்டிருக்கிறேன். பங்குனிக்குள் காலி செய்துவிடும்படி வீட்டுக்காரர் சொன்னார். சாமான்களைத் தகரப் பெட்டிகளில் அடைத்தேன். வெளிச்சத்துக்கு ஒரு பெட்டி, காந்தத்துக்கு ஒரு பெட்டி, விதைக்கும் செடிக்கும் ஒரு பெட்டி. பழைய சாமான் எடுப்பவர் வந்து பார்த்துவிட்டு, "எடைக்குத்தான் எடுப்பேன்" என்றார். அன்று நான் அழுத அழுகை அம்மைக்குத் தெரியும்.

வெள்ளிதோறும் ஆற்றுக்கால் கோவிலுக்குப் போனேன். கும்பிட்டது பாதி, சண்டை போட்டது பாதி. "நிறுத்தினவங்க மனச மாத்து. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்பேன். அம்மை பேசவில்லை.

மாசியில் பொங்காலை வந்தது. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று அம்மைக்குப் பொங்கலிட நகரத்துத் தெருவெல்லாம் பெண்கள் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி உட்கார்ந்திருப்போம். ஆனால் யாரும் தானாகப் பற்ற வைப்பதில்லை. கோவில் அடுப்பில் முதலில் தீ மூட்டுவார்கள். அதிலிருந்து அடுத்த அடுப்பு, அதிலிருந்து அடுத்தது என்று கைமாறித் தெருத்தெருவாகத் தீ வரும். நமக்கு முன்னால் இருப்பவள் தந்தால்தான் நமக்கு.

எனக்குக் கிடைத்த இடம் கோவிலுக்கு வெகு தூரத்தில். கோவிலில் தீ மூட்டிப் பெண்கள் குரவையிட்ட சத்தம் கேட்டு நெடுநேரமாகியும் தீ வரவில்லை. தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழ் தார்ரோடு. எல்லாவற்றுக்கும் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனவள் நான். மெழுகுவர்த்திச் சோதனைக்காக என் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். அதை எடுத்து உரசப் போனேன்.

பக்கத்து அடுப்புக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சரே. பொங்காலைக்கு வந்துட்டு தீப்பெட்டியா? நல்ல கதை! இப்ப வரும் கேட்டோ."

டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் பெயர் முத்துலட்சுமி. வித்துராவுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். அவள் மகள் பள்ளியிலிருந்து எங்கள் கூடத்துக்கு வந்தவளாம். துணைக்கு வந்த தாய்மாரில் இவளும் ஒருத்தி. "ஊருக்குப் போயி டார்ச்சைக் கழட்டிப் போட்டுட்டா டீச்சர், மறுபடி மாட்டவும் செஞ்சா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "என் கையில என்ன இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். என் கையிலும் ஒன்றுமில்லை. இருவரும் பற்றாத அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் தீ வந்தது. முன்வரிசைக்காரி தென்னோலைப் பந்தத்தில் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கிப் பற்ற வைத்து முத்துலட்சுமிக்குக் கொடுத்தேன். அவள் பின்னால் கொடுத்தாள். பானை பொங்கியது. பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கக் காத்திருக்கும்போது அவள் கேட்டாள்:

"அந்தப் பல்பு எரியிற பெட்டிய எங்க ஸ்கூலுக்குத் தருவீங்களா? பிள்ளைங்க செஞ்சு பாக்கட்டு. முடிஞ்சதும் அடுத்த ஸ்கூலுக்கு நாங்களே எடுத்துக் கொடுத்துருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. இரவல் கொடுக்க அது என்ன இட்லிப் பானையா, உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்க வாய் திறந்தேன். அப்போது திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் தெருமுனை வரை புகை. நான் கொடுத்த தீ எனக்குத் தெரியாத பெண்களின் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அம்மையே, இத்தனை நாள் கழித்து இப்படியா பேசுவாய்?

பணம் திரும்ப வரவில்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பங்குனியில் கூடத்தை மூடினோம். பெயர்ப்பலகையைக் கழற்றும்போது நான் தெருவில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றும் அந்த வழியாகப் பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆனால் பெட்டிகள் எடைக்குப் போகவில்லை. வெளிச்சப் பெட்டியை முத்துலட்சுமி வித்துரா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனாள். காந்தப் பெட்டி விழிஞ்ஞம் பக்கம் போனது. ஒரு பள்ளித் தாய்மார் அடுத்த பள்ளித் தாய்மாரிடம் ஒப்படைக்கிறார்கள். சில கண்ணாடிகள் உடைந்தன. காந்தம் ஒன்று காணாமல் போனது. நான் இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் பெயர் தெரியாத ஒருத்தி போன் செய்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். எனக்குத் தெரிந்த அதே கூச்சல்.

"டீச்சரே, பெட்டி எங்ககிட்ட வந்துட்டு. பல்பு எரிஞ்சாச்சு. இனி யாருக்குக் கொடுக்கணும்?"

அடுத்த பள்ளியின் பெயரைச் சொன்னேன். அம்மைக்கு நன்றி என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

ஆகையால், பற்றாத அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கிற என் உடன்பிறப்புகளே, விறகை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருங்கள். முன்னால் இருப்பவள் கை நீட்டுவாள். வருகிற மாசியில் நீங்களும் வாருங்கள், என் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன். தீப்பெட்டியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன்.