ஃபெலிக்ஸ் இறக்கிய இருபது மீன்கள்

கையை நன்றாக நனைத்துக்கொண்டுதான் ஃபெலிக்ஸ் மீனைத் தொடுகிறார். காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு போய்விடுமாம். விரல் நீளப் பொடிக்கெண்டை ஒன்றை உள்ளங்கையில் கிடத்தி வயிற்றைப் பார்க்கிறார், வாலைப் பார்க்கிறார், வாளியில் விடுகிறார். துள்ளாத மீனுக்கு அவரிடம் இடமில்லை. “சோம்பேறியைத் தின்னா விராலும் சோம்பேறி ஆயிடும் சார்.”

வயது ஐம்பத்தெட்டு. மல்காஜ்கிரியில் வீடு. ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே பண்ணை வீடு வாங்குகிறவர்கள் குளத்தில் விரால் வளர்க்க ஆசைப்படுவார்கள். அந்த விராலுக்கு இரையாக எந்தப் பொடிமீனை விடலாம் என்று சொல்வதுதான் இப்போது இவர் தொழில். விராலின் வாயைத் திறந்து கட்டைவிரலால் அளப்பார். ஜிலேபி மீன் என்றால் உடனே மறுப்பார். “நக்கோ சார். நாலு மாசத்துல குளம் முழுக்கப் பெருகிடும். விரால் குஞ்சையும் இதே தின்னும்.”

எந்தக் குளமானாலும் முதலில் கொசுவலையில் தைத்த சிறு கூட்டுக்குள் இருபது மீனைப் போட்டு நீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். “மீன்கிட்ட கேட்டுட்டுத்தான் மீன் விடணும்.”

போன மார்ச்சில் ஒரு காலை, பட்டான்செருவுக்கு அப்பால் ஒரு பழைய கல்குவாரிக் குளத்துக்கு அவரை அழைத்திருந்தார்கள். நிலம் ப்ரியம்வதா என்ற ஐ.டி. ஊழியருடையது. அவருடைய அப்பா இராமச்சந்திரன், ஈரோட்டுக்காரர், மனைவி போன பிறகு அங்கேயே தங்கியிருந்தார். தினமும் படியிறங்கிக் கழுத்தளவு நீரில் நின்று குளிப்பார். அந்தக் குளத்தில் இரண்டு முறை விட்ட பொடிமீன்கள் மூன்றே நாளில் காணாமல் போயிருந்தன. செத்து மிதக்கவில்லை. விராலோ இன்னும் விடப்படவே இல்லை. கரையில் ஒரு கொக்குகூட இல்லாததை ஃபெலிக்ஸ் கவனித்தார்.

தண்ணீரைச் சோதித்தார், குறையில்லை. கூட்டை இறக்கினார். இருபது மீனும் ஒரே பக்கம் ஒதுங்கின. தலைகள் கரையைப் பார்த்தன, வால்கள் குளத்தின் நடுவைக் காட்டின. கூட்டை வேறு இடத்தில் தொங்கவிட்டார். அங்கும் வால்கள் அதே நடுவைத்தான் காட்டின. பயந்த மீன் எதற்கு முதுகு காட்டும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது பெரியவர் குளிக்க இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மீன்கள் கடிகார முள்ளைப்போல மெல்லத் திரும்பத் தொடங்கின. வால்கள் நடுவை விட்டு விலகி, படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டே வந்தன. நீரில் சிறு அலைகூட இல்லை.

“ஐயா, மேல வாங்க!”

“ஏனுங்க, பாம்புங்களா?”

“கேக்காதீங்க, வாங்க!” ஃபெலிக்ஸ் பாதிப் படி இறங்கி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கரையேறித் திரும்பியபோது இருபது வால்களும் கடைசிப் படியைக் காட்டியபடி அசையாமல் இருந்தன.

“உத்துப் பார்த்தேன் சார். தண்ணிதான் இருந்துச்சு, வேற ஒண்ணுமே இல்ல. அதுதான் பயம்” என்று ஃபெலிக்ஸ் பிறகு என்னிடம் சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட ப்ரியம்வதா முதலில் சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த வாரமே குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. அப்படியானால் எந்த மீன்தான் விடலாம் என்று அவர் கேட்டதற்கு ஃபெலிக்ஸ், “எதுவும் வேணாம் மேடம். நாம போடப் போடத்தான் அது வளருது” என்றாராம்.

அந்த இருபதையும் அங்கே விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை. குளத்துத் தண்ணீரோடு வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது அவை முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் வளர்கின்றன. வாளியில் மிஞ்சிய குளத்துத் தண்ணீரை முற்றத்து மூலையில் கொட்டினாராம். நான் போயிருந்தபோது பொரியைத் துரத்தித் தின்றுகொண்டிருந்தன. “ஹவ் சார், ஆமா, நீங்க சிரிக்கலாம்” என்று டீ கிளாஸைக் கையில் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் மனைவி லலிதா குடத்தோடு வெளியே வந்தார். “ஏங்க, சம்ப்புல தண்ணி எவ்ளோ இருக்குன்னு பார்க்கறேன்.” தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி முற்றத்தின் மூலையில் இருக்கிறது, இரும்பு மூடி போட்டு.

மீன்கள் பொரியை விட்டன. ஒவ்வொன்றாகத் திரும்பி எங்கள் பக்கம் வந்து நெருங்கி நின்றன. வால்கள் மூலையைக் காட்டின.

லலிதா குனிந்து மூடியின் வளையத்தில் விரலை நுழைத்தார். ஃபெலிக்ஸ் நான்கே எட்டில் அங்கே போய், மனைவியின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, அந்த மூடியின் மேல் இரண்டு காலையும் ஊன்றி ஏறி நின்றுகொண்டார்.