இரண்டு வழி உள்ள நாடு

அக்காவின் கணவர் செருப்பைக் கழற்றியதும் அதை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். பத்து வருடமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் மறந்ததில்லை. பைக்கையும் பின்பக்கமாகத் தள்ளித்தான் நிறுத்துவார். "கெளம்பும்போது திருப்பிக்கிட்டு நிக்க முடியாது." ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். விடுமுறை நாளில் சோபாவில் படுத்தாலும் ஒரு கால் தரையிலேயே இருக்கும். "கல்யாண போட்டோவுலயே பாதி கெளம்பிட்ட மாதிரிதான் நிப்பாரு" என்பாள் அக்கா.

ஷெட்டில் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வரைபடம் வரைவார். இல்லாத நாட்டின் வரைபடம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், நீலப் பேனா. மூன்று கடல், ஓர் எரிமலை, பறக்கும் பாம்பு, தூக்கம் வராத ஒரு ராணி. நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு வேகத்தடை கிடையாது. எந்த ஊருக்கும் குறைந்தது இரண்டு வழி, பாம்பின் குகைக்கும்கூட. "ஒண்ணு அடைச்சிருந்தா இன்னொண்ணு வேணும்ல?"

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் டிகிரி. வடிவமைப்பு படித்தேன். இதுவரை எதையும் வடிவமைத்ததில்லை. சிறுவர் பதிப்பகம் ஒன்றில் அடுத்தவர் வரைந்ததைக் குறை சொல்லச் சம்பளம் வாங்குகிறேன்.

"டிகிரி, இதப் பாத்து சொல்லேன்" என்று தாளை நீட்டுவார். நான் அரை மணி நேரம் பேசுவேன். கண் முதலில் எங்கே போக வேண்டும், எழுத்து எங்கே ஒதுங்க வேண்டும், எல்லாம் தெரிந்தவன் போல. ஒருமுறை, "படம் மூச்சு விட எடம் வேணும் மாமா" என்றேன்.

"ஆக்சிஜன் வெக்கவா?" என்றார்.

எங்கள் பதிப்பகத்தின் மாயாஜாலக் கதை ஒன்றுக்கு வரைபடம் தேவைப்பட்டது. அவருடையதைக் காட்டினேன். ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. இரண்டே திருத்தம்: சாலைகளைக் குறைக்க வேண்டும், மூலையில் ஒரு பெட்டி போட்டு எந்தக் குறி எதற்கு என்று எழுத வேண்டும், முக்கியமாக அங்கங்கே இருக்கும் அந்தச் சின்ன வட்டங்களுக்கு. சனிக்கிழமைக்குள் வேண்டும். அச்சில் பெயர் வரும் என்றதும், "முழுப் பேருமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அக்கா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தாளை விரித்தார். நான் சொன்னபடி பாம்பு சுருங்கியிருந்தது, அரண்மனை இடம் மாறியிருந்தது. சாலைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"இது வேண்டாம் மாமா. ஊரே இல்லாத எடத்துல ஒரு வட்டம், அதுக்கு ஒரு ரோடு. யாரு போவா?"

"நான் போவேன்."

"வெளயாடாதீங்க."

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு பாலத்துல வேலை நடந்துச்சு டிகிரி. சுத்திப் போனேன், பதினோரு நிமிஷம் கூட. போறதுக்குள்ள அந்த ஆளு முடிஞ்சிட்டாரு. இங்க நேர் ரோடு போட்டுட்டேன்."

வட்டங்களை எண்ணினேன். ஏழு.

"எல்லாமேவா?"

"நாலு, ரோடு மோசம். ரெண்டுல கேட்டப் பூட்டிட்டு சாவியத் தேடறாங்க. ஒண்ணு மட்டும் நானே வழி மாறிப் போனது."

நான்கு வருடப் படிப்பில் இதற்கு ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை. வாயாவது சும்மா இருந்திருக்கலாம். "சரி, பெட்டியிலயாவது அது என்னன்னு எழுதிடுங்க மாமா" என்றேன்.

தலையாட்டினார். ஸ்கேல் வைத்துப் பெட்டி போட்டார். கோட்டைக்கு எதிரே 'கோட்டை'. எரிமலைக்கு எதிரே 'எரிமலை'. அடுத்து ஒரு சின்ன வட்டம் போட்டார். பேனா அங்கேயே நின்றது.

"இது ஒண்ணு மட்டும் கடனா இருக்கட்டும் டிகிரி. எழுதித் தந்துடறேன்."

சனிக்கிழமை போனது. திங்களும் போனது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகம் வேறொருவர் வரைபடத்தோடு வந்தது. அதற்கும் நான்தான் கருத்துச் சொன்னேன். மூன்றே சாலைகள், படம் நன்றாக மூச்சு விடுகிறது.

எட்டு மாதமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, "மாமா, அந்தக் கடன்?" என்றேன்.

"தரேன், தரேன்" என்று தாளை விரித்தார். பேனா பெட்டிப் பக்கம் போனது, தயங்கியது. பிறகு மேலே ஏறி, வட்டங்களில் ஒன்றுக்குப் போகும் சாலையை, ஏற்கெனவே தடித்திருந்த கோட்டின் மேலேயே, இன்னொரு முறை அழுத்தி வரைந்தது.