தேய்த்துக் கெடுத்த மூட்டு

எங்கள் தோட்டத்துத் துரைக்கு ஒரு வியாதி இருந்தது. வெல்டிங் அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். ரப்பர் ஆலையில் பால் தொட்டியோ டிராக்டர் வண்டியோ எது உடைந்தாலும் நான்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய தடம் விரலில் தட்டுப்பட்டால் போச்சு, ஆபீஸ் குமாஸ்தா கிராணி மூலம் ஏச்சு வரும். அதனால் ஒவ்வொரு மூட்டையும் கிரைண்டரால் மழமழவென்று தேய்த்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவோம். மூட்டு தாங்குமா என்று அந்த மனுஷன் ஒரு நாளும் கேட்டதில்லை. பத்து வருஷம் இப்படியே ஓட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். ஆலையை மூடினார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்; தோட்டத்துச் சட்டம் அது. அப்பாவுக்குப் பாலெடுக்க மரம் வெட்டும் வயது தாண்டிவிட்டது. வீடு என் வேலையை நம்பித்தான் நின்றது. அவர் பிறந்ததும் அதே வீட்டில், அம்மா செத்ததும் அதே வீட்டில். மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்றார்கள்.

ஈப்போவில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். காம்பார் பக்கத்து ஈயம் தோண்டும் லம்பங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த நேரம். அங்கே வேலை இழந்த வெல்டர்களும் அதே வாசல்களில்தான் வந்து நின்றார்கள். "ஆள் போதும்லா, வேற எடம் பாரு" என்று சீன முதலாளித் தவுக்கேமார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்கள். தொழில் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் சோறு என்று யார் சொல்லி வைத்தார்களோ, அவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

கடைசியில் கடலோரக் கப்பல் பட்டறை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், தங்க வீடும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்பா அன்றைக்குத்தான் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார். அங்கே வைக்கும் வெல்டிங் பரீட்சைக்கு நான் பஸ் ஏறும் முன்பே, "நம்ம பயலுக்குக் கப்பல்ல வேலை கெடச்சிருச்சி" என்று லயம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

ஆயர் தாவாரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பரீட்சை எளிதுதான். இரண்டு இரும்புத் தகடுகள் கொடுத்தார்கள். ஓரங்களைக் கிரைண்டரால் சரிசெய்து, சேர்த்து ஒட்ட வேண்டும். என் வாழ்நாளில் அப்படி ஒரு மூட்டை நான் அடித்ததில்லை. அவ்வளவு சுத்தம். நேரம் மிச்சமிருந்தது. மற்றவர்கள் அடித்ததை அப்படியே போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். பக்கத்து ஆளின் தகட்டைப் பார்த்தேன். தடம் புழு ஊர்ந்த மாதிரி மேடு தட்டி நின்றது. சோம்பேறிப் பயல், எங்கள் துரையிடம் இதைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி! கிரைண்டரை எடுத்தேன். மூட்டு எங்கே என்று கண்ணுக்கே தெரியாதபடி தேய்த்தேன். பெயிண்ட் இருக்கிறதா என்றுகூடத் தேடினேன், மடையன்.

பரிசோதிக்க வந்த ஃபோர்மன் நம் தமிழ் ஆள்தான். தகட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"யாருய்யா ஒன்னைய இதத் தேய்க்கச் சொன்னது?"

"சுத்தமா இருக்கட்டும்னுதாண்ணே."

"கப்பல்ல தடம் எப்படி ஓடியிருக்குன்னு கண்ணால பாக்கணும்லா. தேய்ச்சிட்டா நீ உள்ள என்ன ஓட்டைய மறைச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பத்து வருஷத்தில் நான் ஒட்டிய மூட்டு ஒன்றுகூட விட்டதில்லை. என்னைப் போய்க் களவாணியைப் போல் கேட்கிறார்.

"வளச்சிப் பாருங்கண்ணே. ஒடஞ்சா என் கைய வெட்டுங்க."

"தேய்ச்சத வளைக்கிறது இல்ல. ரூல் அது. ஆறு மாசம் கழிச்சி வா."

புழு ஊர்ந்த தகட்டுக்காரன் தேறிவிட்டான். ஃபோர்மன் மேல் கோபமில்லை என்று இன்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுச் சனமும் கூட நின்றது. "கடுதாசி போடுறோம்னு சொன்னாங்கப்பா" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

மறுநாளிலிருந்து அப்பா தினமும், தோட்டத்துத் தபால் வந்து சேரும் ஆபீசுக்கு நடந்தார். "எங்களுக்குக் கடுதாசி வந்திச்சாங்க?" என்று கிராணியைக் கேட்பார். இன்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நானும் தினமும் காலையில் நினைப்பேன். அவர்கள் கொடுத்த மூன்று மாதக் கெடுவும் முடிந்துவிட்டது. சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகும் அவர் ஒரு நடை ஆபீசுக்குப் போய், நாங்கள் குடிபோகிற, ஈப்போ ஓரத்துக் கம்பத்துக் குடியிருப்பின் பலகை வீட்டு விலாசத்தைக் கிராணியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஈப்போவில் ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே என்னை எடுத்ததே நான் நன்றாகத் தேய்ப்பேன் என்பதற்காகத்தான்.

அப்பா சாகிறவரை, அந்தக் கடுதாசியைக் கொண்டுவராத தபால்காரனைத் திட்டினார். "பாவி, எங்கயோ தொலைச்சிட்டான், எம் மவன் வாழ்க்கையே போச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம்ப்பா என்பேன். என்னை அவர் ஒரு வார்த்தை ஏசியதில்லை.