பாலிஷ் அறையில் விசில் சார்

அந்த ஆண்கள் விடுதிப் பள்ளிக்கு நூறு வயது தாண்டி வெகுகாலம் ஆகிறது. கல் சுவர், கருத்துப்போன பெஞ்சுகள், யார் தள்ளினாலும் முனகிக்கொண்டே திறக்கும் பெரிய கதவு. அந்தக் கதவுக்குள் சின்னப் பையனாகப் பெட்டியோடு நுழைந்த விசில் சார், இன்னும் வெளியே போனபாடில்லை. படிப்பு சுமாராகத்தான் ஏறியது. ஓட்டத்தில் மட்டும் ஆளை அசைக்க முடியாது. பள்ளியும் விட மனசில்லாமல் அவரையே விளையாட்டு ஆசிரியராக வைத்துக்கொண்டது. கழுத்தில் விசில் ஏறியது, வளாகத்துக்குள் வீடு கிடைத்தது, கல்யாணமும் ஆனது. அந்த விசிலுக்கு அசராத ஒரே ஆள் அவருடைய மனைவிதான்.

மகனுக்குப் பள்ளியில் சேரும் வயது வந்தபோது வீட்டில் பூகம்பமே வந்தது. ஆசிரியர் பிள்ளையானாலும் விடுதியில்தான் தங்க வேண்டும், விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வரலாம், அதுவரை பெற்ற அப்பனும் ‘சார்’தான். இது அங்கே பழைய சட்டம்.

“சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா அவன் கட்டில் தெரியுது. கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருந்துக்கிட்டு, எம்புள்ள எனக்கு விருந்தாளியா?” என்றாள் மனைவி.

“நானும் அப்படித்தானே வளந்தேன்?”

“அதான் தினம் பாக்கறேனே!”

கடைசியில் ஒரு கறாரான ஒப்பந்தத்தோடு இறங்கி வந்தாள். “அவன் அங்க அழுது கஷ்டப்படறான்னு தெரிஞ்சா, அடுத்த பஸ்ல எங்க அண்ணன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயி அங்க சேத்துடுவேன். நீங்க விசிலும் கையுமா தனியா ஊதிக்கிட்டு இருங்க.”

விசில் சாருக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் மைதானத்தில் அதைக் காட்டுவாரா? சலுகை காட்டுகிறார் என்று யாரும் பல்லில் போட்டு மென்றுவிடக் கூடாதே என்று மகனை ஒரு சுற்று கூடுதலாகவே ஓடவிட்டார். பையன் மூச்சிரைக்க “எஸ் சார்” என்பான். ஒவ்வொரு ‘சாரும்’ சுருக்கென்று தைத்தது.

அந்தப் பள்ளியில் மாதம் ஒருமுறை ஷூ பார்ப்பார்கள். யாருடையது அதிகம் பளபளக்கிறதோ அவனுக்கு ஒரு சின்னப் பித்தளைக் கோப்பை. அந்த மாதம் வரிசையில் குனிந்து பார்த்துக்கொண்டே வந்த விசில் சார், மகன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். ஷூவில் அவர் முகமே தெரிந்தது. தலைமை ஆசிரியர் கோப்பையைக் கொடுத்து, “அப்பாவும் முதல் வருஷமே வாங்கினவர்! ரத்தத்துலயே இருக்கு!” என்று முதுகில் தட்டினார்.

விசில் சாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. “புள்ள கோப்பை வாங்கியிருக்கான், உங்க முகம் ஏன் இப்படித் தொங்குது?” என்று மனைவி துளைத்தெடுத்ததில், இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். விடுதியில் அழுதால் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். அழுகை வந்தால் பையன்கள் பின்கட்டிலுள்ள பாலிஷ் அறைக்குப் போய் ஷூவைத் தேய்ப்பார்கள். தலை குனிந்திருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். “நான் கோப்பை வாங்கினதும் அப்படித்தான். ஷூ அவ்வளவு பளபளன்னா, அவ்வளவு அழுதிருக்கான்னு அர்த்தம்.”

அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “போயி கூட்டிட்டு வாங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாலிஷ் அறை வாசலில் விசில் சார் நின்றார். உள்ளே மகனோடு இன்னொரு ஒல்லிப் பையன். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மகன் தன் ஷூவைத் தேய்த்தபடி, விசில் சார் ஓடும்போது அவர் தொப்பை முன்னால் ஓடும் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஒல்லிப் பையன் அழுகையோடே களுக்கென்று சிரித்தான். நிமிர்ந்து பார்த்தால் தொப்பையே வாசலில் நிற்கிறது! ஷூவைத் தூக்கிக்கொண்டு அவன் ஒரே ஓட்டம்.

“வீட்டுக்கு வர்றியாடா? அம்மா பெட்டியை இறக்கிட்டா” என்றார் விசில் சார்.

“எதுக்கு சார்?”

“நீ இங்க உக்காந்து அழறேன்னு...”

“நானா? எனக்குத்தான் ஜன்னல்ல அம்மா தெரியறாங்களே. அவனுக்குத்தான் வீடு ரொம்ப தூரம். கூட யாராவது உக்காந்தா சீக்கிரம் நிறுத்திடுவான். சும்மா உக்காந்தா அவனுக்கு வெக்கமா இருக்கும்ல, அதான் நானும் தேய்க்கறேன்.” யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான்: “நான் வந்துட்டா அவன்கூட யாரு உக்காருவா?”

விசில் சார் அந்த பெஞ்சைப் பார்த்தார். ஒரு வருஷம் முழுக்க அவர் உட்கார்ந்து தேய்த்த பெஞ்சு. பக்கத்தில் ஒருத்தரும் வந்து உட்கார்ந்ததில்லை. மகன் மேல் பெருமை பொங்கியது. கூடவே, அந்தப் பழைய சின்னப் பையனை நினைத்துத் துக்கமும் பொங்கியது. கண் நிறைந்துவிட்டது.

மகன் வாசலை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் ஷூவில் ஒன்றை மடியில் போட்டு, பிரஷ்ஷைக் கையில் திணித்தான்.

“நல்லா குனிஞ்சுக்கோங்கப்பா” என்றான், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. “யாருக்கும் தெரியாது.”